மூன்று வயது தள்ளுபடி

மூன்று வருடத்தின் விலை ஒரு தையல் மெஷின். காலால் மிதிப்பது, மர மூடி போட்டது, பிரிக்காத பெட்டியில் வந்து இறங்கியது. வாங்கிக்கொண்டவர் கல்யாணத் தரகர். கொடுத்தவர் தராசுக்கடைக்காரர். அந்த மூன்று வருடம் கழற்றப்பட்டது அவருடைய மகளின் வயதிலிருந்து.

"இருபத்தெட்டுன்னு சொன்னா வாசல்லயே தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிடுவாங்க. மாப்பிள்ளைக்கே இருபத்தேழு. பொண்ணுக்கு இருபத்தி நாலுன்னு சொல்லிடுவோம்" என்றார் தரகர்.

"நாலு வேண்டாம், முகம் காட்டிக் கொடுத்துடும். மூணு குறைங்க."

"நாலு குறைச்சாலும் மூணு குறைச்சாலும் எனக்கு ஒரே மெஷின்தான்."

"அதனாலதான் சொல்றேன். அந்த ஒண்ணு பொண்ணுகிட்டயே இருந்துட்டுப் போகட்டும்."

ஊருக்கெல்லாம் சரியான எடைக்கல் விற்ற மனிதர், மகள் விஷயத்தில் மட்டும் தட்டில் விரலை வைத்துவிட்டார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரக்கிடம் போய் யார் விலை கேட்பார்கள்?

அப்படித்தான் அவள் பொத்தான் கடைக்கு வாழ வந்தாள். தையற்காரர்களுக்குப் பொத்தான், ஜிப், நூல், லைனிங் துணி என்று மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற கடை. ஒரு வருடத்தில், கைப்பிடி அள்ளினாலே எத்தனை பொத்தான் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். இன்னும் ஒரு வருடத்தில் கணவரின் பேரத்தையும் கற்றுக்கொண்டாள். "என் கொள்முதலே இவ்வளவுதாங்க" என்று அவர் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்தால் பொய். துடைக்காமல் சொன்னால் நிஜமாகவே கொள்முதல். எந்தத் தையற்காரரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவள் அவள் மட்டும்தான். அவள் ஏன் சொல்லப் போகிறாள்?

வீட்டில் அவருடைய பேரத்துக்கு வேறொரு தராசு இருந்தது. எந்த வாக்குவாதமும் முற்றினால் கடைசியில் ஒரே கல்லைத் தூக்கி வைப்பார்:

"உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவன் சொல்றேன், கேளு."

ஜன்னலுக்கு என்ன வண்ணம் அடிப்பது, மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, ரொட்டியை எந்தக் கடையில் வாங்குவது, எல்லாமே அந்த இரண்டு வயதில்தான் தீர்ந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. கையை ஓங்கியதில்லை, அதட்டியதுகூட அபூர்வம். அந்த இரண்டு வயது போதும் அவருக்கு. உண்மையில் மூத்தவள் அவள். ஒரு வயது. தரகர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பாவும் போய்விட்டார், இந்தக் கணக்கு தெரிந்த ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். தெரிந்தால் அவர் என்ன செய்வார்? துரத்திவிட மாட்டார். ஆனால் அந்தக் கல்லை எடுத்துவிட்டால் அவருடைய தட்டு எங்கே போய் நிற்கும்? அதுதான் பயம்.

இருபத்தேழு வருடம் இப்படிப் போனது. முட்டிவலி வந்திராவிட்டால் இன்னும் போயிருக்கும்.

முட்டிவலிக்கு மருத்துவர் நீச்சல் என்றார். காலையில் பெண்களுக்கான ஒரு மணி நேரத்தில் நகராட்சிக் குளத்துக்குப் போகத் தொடங்கினாள். குளோரின் வாசம், வழுக்கும் ஓடு, பூட்டு சரியாக விழாத அலமாரிகள். சிறுவயதில் கற்ற நீச்சல் அவளை மறக்கவில்லை. மூன்றே மாதத்தில் குளத்திலேயே வேகமானவள் அவள்தான்.

அங்கே அவளுக்கு மூன்று பேர் கூட்டு. ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுக்கு அறுபத்தெட்டு. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்திக் குத்தித் தோள் இறுகிப்போன தபாலம்மாவுக்கு அறுபத்தொன்று. ஊரில் பாதிப்பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் அக்காவுக்கு ஐம்பத்தாறு. இவளுக்கு, வெளியே சொல்கிற கணக்கில், ஐம்பத்திரண்டு. அதனால் இவள் பெயர் சின்னப்பொண்ணு. எல்லாருடைய துண்டையும் எடுத்து வருவது, தேநீர் வாங்கி வருவது, மறந்துபோன சோப்புக்குத் திரும்பி ஓடுவது எல்லாம் சின்னப்பொண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலை.

"ஏய், சின்னப்பொண்ணு, என் கண்ணாடி எங்கேடி?" என்பாள் டிரைவிங் அக்கா.

"உங்க தலைமேலதான் இருக்குக்கா."

"பார்த்தியா, வயசு குறைஞ்சா கண்ணு எவ்வளவு நல்லாத் தெரியுது!"

ஒரு வயது பெரியவளுக்காக இவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடும்போது உள்ளுக்குள் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

மூத்தோர் நீச்சல் போட்டி அறிவிப்பு வந்த அன்று, பயிற்சி கொடுக்கிற பெண் நால்வரையும் கரையில் உட்கார வைத்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும், எல்லாரையும் ஆன்ட்டி என்பாள்.

"நாலு பேர் தொடர் நீச்சல் இருக்கு ஆன்ட்டி. அதுல ஒரு விசேஷம். ஒவ்வொருத்தர் வயசையும் தனியாப் பார்க்க மாட்டாங்க. நாலு பேர் வயசையும் கூட்டி, கூட்டுத்தொகையை வச்சுத்தான் பிரிவு. இருநூறுல இருந்து இருநூத்தி முப்பத்தொன்பது வரைக்கும் ஒரு பிரிவு. இருநூத்தி நாற்பதுல இருந்து அடுத்தது."

"நாம எதுல?"

"அங்கதான் சிக்கல்." அவள் தரையில் ஈரக்காலால் கோடு போட்டாள். "அறுபத்தெட்டு, அறுபத்தொன்னு, ஐம்பத்தாறு, ஐம்பத்திரண்டு. இருநூத்தி முப்பத்தேழு. மூணு குறையுது."

"குறைஞ்சா என்ன?"

"கீழ்ப் பிரிவுல எல்லாம் ஐம்பது வயசுக்காரங்க. நாம பாதி தூரம் போறதுக்குள்ள அவங்க குளிச்சு முடிச்சுத் தலை துவட்டிட்டு இருப்பாங்க. மேல் பிரிவுன்னா நமக்குத் தங்கமே கிடைக்கும்."

"மூணு வயசுக்கு எங்கேடி போறது?" என்றாள் தபாலம்மா. "பார்சல்ல வருமா?"

"நம்ம பொத்தான் கடையில கேட்டுப் பாரு. உதிரியா இருந்தாத் தருவாங்க" என்றாள் டிரைவிங் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். பொத்தான் கடைக்காரிக்குக் காதுமடல் சூடாகிவிட்டது.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கிற அதே பார்வையில் இவளைப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதேம்மா. உனக்குப் பதிலா பேக்கரிக்காரம்மாவைப் போட்டா சரியாயிடும். அவங்களுக்கு அறுபத்திமூணு."

"அவங்க நீந்துனா தண்ணியே அசையாதே!" என்றாள் டிரைவிங் அக்கா.

"அசையலைன்னா என்ன, வயசு இருக்கே. நம்ம சின்னப்பொண்ணுக்கு எல்லாம் இருக்கு, வயசு மட்டும்தான் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரைக் கொடுக்கணுமாம்."

இளமை என்று சொல்லி ஒருத்தியை வெளியே தள்ளுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். அதுவும் தன்னையே. வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வாழ்க்கையில் அவளாக ஆசைப்பட்டுச் சேர்ந்த ஒரே கூட்டம் அது. கடை கணவருடையது, வீடு மாமனாருடையது, வயதுகூட அப்பா முடிவு செய்தது. தண்ணீர் மட்டும்தான் அவளுடையது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எப்படியாவது கணவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தாள். புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அருகில் போனாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அதற்குள் கோட்டு தைக்கிற தையற்காரர் ஒருவர் வந்து கவுண்டரில் முழங்கையை ஊன்றினார். பித்தளைப் பொத்தானுக்குப் பேரம். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கொள்முதலே இவ்வளவுதாங்க. வேணும்னா வீட்டுக்காரியைக் கேளுங்க."

தையற்காரர் இவளைப் பார்த்தார். "அப்படியாக்கா?"

"ஆமாங்க" என்றாள் அவள்.

தையற்காரர் போனதும் கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தார். "உன் முகத்துல பொய்யே வராது. அதான் நம்பிட்டான். என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லை. நூல் தீர்ந்துபோச்சு."

வெள்ளிக்கிழமை காலை, யாரும் வாங்காமல் வருடக்கணக்காக அலமாரியில் கிடந்த ஊதாப் பொத்தான் பெட்டியின் அடியிலிருந்து தன் பிறப்புச் சான்றிதழை எடுத்தாள். யாரும் தொடாத சரக்குக்கு அடியில் வைப்பதைவிடப் பத்திரமான இடம் ஒரு கடையில் கிடையாது. பயிற்சிப் பெண்ணிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்தப் பெண் படித்தாள், நிமிர்ந்தாள், மறுபடி படித்தாள். "ஆன்ட்டி! இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? இது நல்ல செய்தி!"

"சத்தம் போடாதே. யாருக்கும் சொல்லாதே. அவங்க மூணு பேருக்கும் மட்டும் கூட்டுத்தொகை சரியாயிடுச்சுன்னு சொல்லு."

கூட்டுத்தொகை சரியானால், ஏறிய மூன்று வயது யாருடையது என்று டிரைவிங் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? அன்று அவள் தன் துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள். "ஒரு வயசுதானா வித்தியாசம்? இவ்வளவு நாள் என்னை டீக்குக் காத்திருக்க வச்சியே, உனக்கு மனசு வந்துச்சா?" என்று சண்டைக்கு வந்தாள். வேலை செய்தவள் இவள், கோபம் அவளுக்கு.

போட்டி ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரில். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் நெரியும், கணவர் வர மாட்டார், ஊர் தாண்டினால் விஷயம் தண்ணீரோடு போய்விடும் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னார்:

"நாளைக்குக் கடைக்கு லீவு."

"ஏன்?"

"என்னது ஏன்? என் பொண்டாட்டி நீந்துறா. எங்க அக்காவையும் கூட்டிட்டு வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை ஷட்டரை இறக்கி அவள் பார்த்ததே இல்லை. அவர் கொஞ்சம் மோசமான மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

போட்டி நடந்த குளம் பெரியது. ஒரு பக்கம் முழுக்கப் பார்வையாளர் படிக்கட்டு. வாசலில் ஒருவர் தடித்த கறுப்பு மார்க்கரோடு உட்கார்ந்திருந்தார்.

"இடது கையைக் காட்டுங்கம்மா. வயசு?"

"எதுக்குங்க?"

"கையில எழுதணும். எந்த வயசுக்காரங்க நீந்துறாங்கன்னு நடுவருக்குத் தெரியணுமில்ல. ஏமாத்து ரொம்ப நடக்குது. போன தடவை ஒரு அம்மா நாலு வயசு கூட்டிச் சொல்லிட்டாங்க."

"கூட்டியா?"

"இங்க எல்லாரும் கூட்டித்தான் சொல்வாங்க. வெளியிலதான் குறைப்பாங்க. சொல்லுங்க, எவ்வளவு?"

அவள் முணுமுணுத்தாள்.

"கேக்கலை. சத்தமா."

"ஐம்பத்தஞ்சு."

கல்யாணத்துக்குப் பிறகு தன் வயதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் தோளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு 55 என்று எழுதினார். "தண்ணியில அழியாது" என்று பெருமையாக வேறு சொன்னார்.

துண்டால் தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் கொளுத்தியது. எதிர்ப்புறம் மூன்றாவது படியில் கணவரும் அவருடைய அக்காவும். கணவருக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கத்தான் கண்ணாடி. தூரத்தில் ஊசித்துளைகூடத் தெரியும். அக்கா கையாட்டி ஏதோ கேட்டாள். குளிரா, காய்ச்சலா என்றுதான் இருக்கும். ஆமாம் என்று தலையாட்டினாள்.

இருநூற்று நாற்பதுக்காரர்களில் ஐந்து அணி. முதலில் நர்ஸம்மா குதித்தாள், நிதானமாக, மருந்து அளப்பதுபோல. அடுத்து டிரைவிங் அக்கா. ஓரமாகவே போகிற பழக்கம் தண்ணீரிலும் விடவில்லை, கயிற்றில் இரண்டு தடவை இடித்தாள். மூன்றாவது தபாலம்மா. அவள் சுவரைத் தொட வந்துகொண்டிருந்தபோது அணி இரண்டாவது இடத்தில் இருந்தது. துண்டை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

துண்டைப் போட்டுவிட்டு, இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு மேடையில் நின்றாள். தபாலம்மாவின் விரல் சுவரைத் தொட்டது. குதித்தாள்.

போகும்போது படிக்கட்டு வலதுபுறம். இடது கை மறைவில் இருந்தது. பயமில்லாமல் வீசினாள், முன்னால் போனவளைப் பாதிக் குளத்திலேயே பிடித்துவிட்டாள். அந்தச் சுவரில் காலை உதைத்துத் திரும்பியபோதுதான் உறைத்தது. இப்போது படிக்கட்டு இடதுபுறம். ஒவ்வொரு வீச்சுக்கும் அந்த எண் தண்ணீருக்கு மேலே எழும்பி அவர் முகத்துக்கு நேராக நிற்கும்.

கையைத் தாழ்த்தி வீசினால் வயது தெரியாது. வேகமும் வராது.

தாழ்த்தி வீசினாள். ஒன்று, இரண்டு. பக்கத்துத் தடத்தில் ஒரு தலை இவள் இடுப்பு வரை வந்தது, பிறகு தோள் வரை. மூச்சுக்கு முகத்தைத் திருப்பியபோது நர்ஸம்மாவின் குரல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கேட்பதுபோலக் கேட்டது: "கையைத் தூக்குடி, சின்னப்பொண்ணு! கையைத் தூக்கு!"

மூன்று பெண்கள் அவளை நம்பிக் கரையில் நின்றிருந்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அவர்கள் இந்தத் தண்ணீருக்கே வந்தார்கள். வாங்கிய வயதுக்கு நீந்தித்தானே ஆகவேண்டும்?

கையைத் தூக்கினாள். தோள் காதை உரச, முழங்கை வானத்தைக் குத்த, ஐம்பத்தைந்தை ஊருக்கே காட்டிக்கொண்டு வந்தாள். அரைக் கை வித்தியாசத்தில் முதலாவதாகச் சுவரைத் தொட்டாள்.

மேலே ஏறியதும் மூன்று பேரும் வந்து விழுந்தார்கள். டிரைவிங் அக்கா அழுதாள், ஓட்டுநர் தேர்வில் தேறிய பிள்ளைகூட அப்படி அழுதிருக்காது. இவளுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. கணவர் ஒரு துண்டோடு, பின்னால் தன் அக்காவோடு, படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் கண் இவள் முகத்தில் இல்லை, தோளில் இருந்தது.

துண்டை நீட்டினார். இவள் வாங்கிக்கொண்டாள். போர்த்திக்கொள்ளவில்லை.

"அது என்ன?" என்றார்.

"போட்டிக்கு நம்பர் கொடுப்பாங்கடா" என்று அக்கா முந்திக்கொண்டாள். "இதுகூடத் தெரியாதா உனக்கு?"

இதைவிட மலிவாக ஒரு பொய் கிடைக்காது. அண்ணியே கொண்டுவந்து கையில் வைக்கிறாள், இவள் ஆமாம் என்றால் போதும். முகத்தில் பொய் வராது என்று பெயர் வேறு இருக்கிறது. பக்கத்தில் நர்ஸம்மாவின் கையில் 68, தபாலம்மாவின் கையில் 61.

"நம்பர் இல்லை அண்ணி. என் வயசு."

ஒலிபெருக்கி அடுத்த பிரிவை அழைத்தது. கணவருடைய உதடு அசைந்தது. கூட்டல் போடும்போது அவருக்கு அப்படி அசையும்.

"கல்யாணத்தப்போ?"

"இருபத்தெட்டு. அப்பாவும் தரகரும் மூணு குறைச்சாங்க. நான் சொல்லியிருக்கணும். ஒவ்வொரு தடவையும் நீங்க அந்த ரெண்டு வயசைச் சொல்வீங்க, எனக்கு வாய் வராது."

அவர் நின்றார். அவருடைய தட்டு எங்கே போய் நிற்கும் என்று இருபத்தேழு வருடம் பயந்தாளே, அது இதோ கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்தது. முகம் சிறுத்து, ஏமாந்த தையற்காரர் முகமாகிவிட்டது. போட்டியில்கூட அவளுக்கு இந்த அளவு மூச்சு வாங்கவில்லை.

பிறகு அவர் மெல்ல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியை இழுத்தார். துடைத்தார். இரண்டு பக்கமும் துடைத்தார்.

"எனக்கும் மூணு குறைச்சுத்தான் சொன்னாங்க" என்றார்.

"என்னது?" என்றாள் அக்கா.

"அந்தத் தரகர் ரெண்டு பக்கமும் குறைக்கிற ஆளு. எனக்கு இப்ப ஐம்பத்தேழு."

"டேய், எனக்கே ஐம்பத்தேழுதாண்டா! அப்போ நாம ரெண்டு பேரும் இரட்டையா?"

"உனக்கும் மூணு சேர்த்துக்கோ."

"நான் எதுக்குடா சேர்த்துக்கணும்? நான் நீந்தக்கூட இல்லையே!"

நர்ஸம்மா தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "அறுபதா? ஏம்மா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா? எங்ககிட்ட ஒரு இடம் எப்பவும் காலியாகும்போலவே இருக்கு."

அக்கா அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வயது ஏறியவள்போலத்தான் உட்கார்ந்தாள்.

கணவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் துடைக்க எதுவும் இல்லை. நிமிர்ந்து இவளைப் பார்க்கவும் இல்லை. விலை சொல்லிவிட்டு, எதிராளி வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கிற வியாபாரி அப்படித்தான் நிற்பார். தன் வயதில் மூன்றைக் கூட்டிக்கொண்டு ஒருவர் பேரத்துக்கு வந்து நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. அத்தாட்சி கேட்கலாம். வீட்டில் அலமாரியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

"சரிங்க" என்றாள். "ஐம்பத்தேழு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகத்தில் இரத்தம் திரும்பியது. "துண்டைப் போர்த்திக்கோ, காத்து அடிக்குது. உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவன் சொல்றேன், கேளு."

அவள் போர்த்திக்கொண்டாள், இடது தோளை மட்டும் வெளியே விட்டு.

ஆக, அன்று கணக்கு இப்படி நின்றது. அவள் வயது ஐம்பத்தைந்து, ரொக்கம். அவர் வயது ஐம்பத்தேழு, கடன். கேட்டு வாங்குவதில்லை என்று வாக்கு. அண்ணிக்கு அனுப்பிய மூன்று, பெற்றுக்கொள்ள மறுப்பு. தரகருக்குக் கொடுத்த தையல் மெஷின், அப்பா கணக்கில் வீண். கணவன் மனைவி வித்தியாசம் இரண்டு, பழையபடியே. பாக்கி ஒன்று: அவள் அவரைவிட மூத்தவளாக இருந்த அந்த ஒரு வயது. அது யார் பேரிலும் ஏறாமல் அப்படியே நிற்கிறது.